பி.டி. படிக்க அலைந்த கதை: இறையியல் கல்லூரிக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு

வங்காளத்தின் செராம்பூர் கல்லூரிப் பெயரில் கிடைக்கும் பி.டி. (Bachelor of Divinity), அதாவது இறையியல் பட்டச் சான்றிதழ் போன மாதம் கைக்கு வந்துவிட்டது. இந்தப் படிப்பில் வேதாகமத்தின் மூல மொழிகளான கிரேக்கமும் எபிரேயமும்தான் கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவை இரண்டையும் விடக் கஷ்டமாக இருந்தது, கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்னால் சேர்க்க வேண்டியிருந்த காகிதங்கள்தான். அதிலும் குறிப்பாக, ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் பரிந்துரைக் கடிதம். அதை வாங்கப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை. எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் அதே கதவில் முட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

திருச்சபையின் பரிந்துரை இல்லாமல் சொந்தப் பொறுப்பில் வருகிறவர்களையும் எடுக்கும் கல்லூரிகள் உண்டு. ஆனால் சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், ஊழியத்துக்கு வர வேண்டும் என்றால் அந்தக் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். படித்து முடித்த பிறகு உங்களைக் குருவாக அபிஷேகம் செய்ய வேண்டியது திருமண்டலம்தான்.

நான் பி.எஸ்ஸி. முடித்த கையோடு திருமண்டல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் விண்ணப்பத்தைக் கையில் வாங்கவே இல்லை. "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஸ்பான்சர் கிடையாதும்மா. பி.எட். படிச்சு நம்ம ஸ்கூல்லயே சேரலாமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அப்படி ஒரு விதியே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருமார்களாக ஊழியம் செய்து வருகிறார்கள். 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் அதன் தலைவரான பேராயராகவே வந்தார். இதையெல்லாம் சொன்னால், "அது ஆந்திராம்மா" என்று பதில் வந்தது. ஆந்திரத்துக்கும் நமக்கும் ஒரே திருச்சபை, ஒரே சட்ட அமைப்பு என்பது திருமண்டல அலுவலகத்திலேயே வேலை பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். அதனால் அடுத்த முறை எழுதிக்கொண்டு போனேன். "பெண் விண்ணப்பதாரரைப் பரிந்துரைக்க இயலாது என்றால் அது எந்த விதியின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும்" என்று கடைசி வரியில் கேட்டிருந்தேன். நகலில் 'பெறப்பட்டது' முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். அந்த முத்திரை விழுந்ததும் என் காகிதத்துக்கு உயிர் வந்தது. பேராயருடைய செயலரிடம் போனது, அப்புறம் தேர்வுக் குழுவின் பட்டியலுக்குப் போனது. குழு அடிக்கடி கூடாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அந்தக் கல்வியாண்டே போய்விடும். ஆகவே விண்ணப்பம் கொடுக்கும்போதே அடுத்த கூட்டம் எப்போது, எந்தத் தேதிக்குள் கொடுத்தால் பட்டியலில் ஏறும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் வேதாகமத்திலிருந்து கேள்வி கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகிப் போனேன். முதல் கேள்வியே "கல்யாணம் ஆனா என்ன பண்ணுவ?" என்பதுதான். "வெளியே உட்கார்ந்திருக்கிற தம்பிமார்களிடமும் இதைக் கேட்பீர்களா ஐயா?" என்று கேட்டேன். அறை கொஞ்ச நேரம் இறுகிப்போனது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாதான் பேசினார். "நம்ம சேகரங்கள்ல ஆராதனைக்கு வர்றதுல பாதிக்கு மேல பெண்கள். வீடு சந்திக்கிறது, ஜெபக்கூட்டம் நடத்துறது எல்லாம் அவங்கதான். படிக்க வர்ற ஒரு பிள்ளைய ஏன் மடக்குறீங்க?" என்றார். அவர் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. எங்கள் சேகரத்து (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) ஐயரும், அதாவது குருவும், தம் கடிதத்தில் நான் ஓய்வுநாள் பள்ளி நடத்தியதையும் வாலிபர் ஐக்கியத்தில் செய்த வேலைகளையும் வருடம் போட்டு எழுதியிருந்தார். 'நல்ல பிள்ளை, பக்தியுள்ளவள்' என்ற கடிதத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் கிடைத்துவிட்டதே என்று பெருமூச்சு விட்டால், அடுத்தது ஞானஸ்நானச் சான்றிதழ். பதிவேட்டில் என் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது அதில் பாதியை விட்டுவிட்டு, தாத்தா ஆசைப்பட்ட ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நம் குடும்பங்களில் இது சகஜம். ஆனால் கல்லூரிக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் போட்டேன். ஐயர் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டு, புதிதாகச் சான்று எடுத்துக் கொடுத்தார். சபையில் முழு உறுப்பினராக ஏற்கப்பட்டதைக் காட்டும் திடப்படுத்தல் சான்றிலும் இதே சிக்கல் வரும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நுழைவுத் தேர்வும் நேர்முகமும் நல்லபடியாக முடிந்தன.

சேர்க்கை நாளில் ஒரு பயணம் வீணானது. அழைப்புக் கடிதத்தில் 'சான்றிதழ்களுடன் வரவும்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போய் இறங்கினால், "மைகிரேஷன் சர்டிபிகேட் எங்கே?" என்றார்கள். வேறு இடத்தில் சேர, முன்பு படித்த பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, பணம் கட்டி, காத்திருந்து வாங்க வேண்டிய காகிதம் அது. டி.சி. வாங்கும்போதே அதற்கும் எழுதிப் போட்டுவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்தாலும், பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டில் பதிவாகிப் பதிவெண் வந்தால்தான் தேர்வு எழுத முடியும். அந்தப் பதிவுக்கு இது இல்லாமல் முடியாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இறையியல் கல்லூரி என்று பலகை வைத்திருக்கும் எல்லா இடமும் செனட்டோடு இணைந்தது அல்ல. என் வகுப்பில் ஒரு அண்ணன், வேறொரு வேதாகமப் பள்ளியில் மூன்று வருடம் படித்து, அழகாக அச்சடித்த பட்டத்தோடு வந்தார். அதற்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை, முதல் வருடத்திலிருந்து எங்களோடு உட்கார்ந்தார். எங்களில் யாரையும் விட நன்றாகப் படித்த அவருடைய மூன்று வருடம் வீண். சேருவதற்கு முன் இணைப்பு இருக்கிறதா, எந்தப் பட்டத்துக்கு இருக்கிறது என்று செனட் அலுவலகத்திலேயே கேளுங்கள். ஆங்கிலம் பயமாக இருந்தால் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் பற்றி விசாரியுங்கள். அங்கே தமிழ் வழியிலேயே பி.டி. படிக்கலாம்.

இனிப் படிப்பு. கிரேக்கம் எல்லாரும் மிரட்டிய அளவுக்கு இல்லை. பெயர்ச்சொல் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறுவதும், வினைச்சொல்லின் ஈற்றிலேயே தன்மை முன்னிலை படர்க்கை தெரிவதும் தமிழ் பேசுகிற நமக்குப் புதிதா என்ன? ஆங்கில இலக்கணத்தின் வழியாகக் கற்றுக்கொடுப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஒவ்வொரு வாய்ப்பாட்டையும் தமிழ் உருபுகளுக்கு எதிரே எழுதி வைத்துக்கொண்டேன், பிடிபட்டுவிட்டது. எபிரேயம்தான் என்னை அழ வைத்தது. வலமிருந்து இடம் வாசிப்பதும் 22 எழுத்துகளும் சீக்கிரம் பழகிவிடும். உயிரொலிகளைக் காட்ட மசோரெட்டு எனப்படும் பழைய யூத அறிஞர்கள் மேலும் கீழும் இட்ட அந்தப் புள்ளிகளும் கோடுகளும்தான் கண்ணில் நிற்காது. தினமும் ஒரு சங்கீதத்தில் நான்கு வசனம் சத்தமாக வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து படித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

மொழிகளை விட ஆழமாகக் குத்தியது மூலபாட ஆய்வு, அதாவது பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு மூல வாசகத்தைத் தேடும் பாடம். 1 யோவான் 5:7 நம் ஊரில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே மனப்பாடமாகச் சொல்லும் வசனம். பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவரைப் பற்றிய அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகள் இரண்டிலும் இல்லை. அன்று இரவு விடுதியில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு அக்கா வீட்டுக்குப் போன் செய்து, படிப்பை விடுவதாகவே சொல்லிவிட்டார். எங்கள் பேராசிரியர் மறுநாள் வகுப்பை நிறுத்திவிட்டு, நாங்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். திரித்துவ விசுவாசம் அந்த ஒரு வரியின் மேல் நிற்கவில்லை, திருச்சபை அந்தப் பழைய பிரதிகளைக் காத்து வைத்ததால்தான் இன்று நாமே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்று அவர் விளக்கியது எனக்குப் பெரிய ஆறுதல். அந்த அக்காவும் படிப்பை விடவில்லை. ஆனால் இன்னொரு மாணவர், அரைகுறையாகக் கேட்டதை அடுத்த ஞாயிறே வார இறுதி ஊழியத்துக்குப் போன சபையில் பிரசங்கித்துவிட்டார். கல்லூரிக்குப் புகார் வந்து, அவர் அந்தச் சபையிலிருந்து மாற்றப்பட்டார். வகுப்பில் கேட்டதை நீங்களே ஜீரணித்த பிறகு மேடைக்குக் கொண்டுபோங்கள். அதற்குச் சில வருடம் ஆனாலும் பரவாயில்லை.

வார இறுதி ஊழியத்தில் என்னை அனுப்பிய முதல் சபையில் வேதபாடம் வாசிக்க மட்டும் விட்டார்கள். பொறுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இரண்டாவது சபையில் பிரசங்கம், மருத்துவமனைச் சந்திப்பு, அடக்க ஆராதனை வரை எல்லாவற்றிலும் நிற்க வைத்தார்கள். மற்றபடி பட்டதாரிகளுக்கான அந்த நான்கு வருடமும் ஓடியே போய்விட்டது.

கடைசிச் சண்டை ஒரு பல்கலைக்கழகச் சாளரத்தில். பி.டி.யைக் காட்டி எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்தால், "செராம்பூர்னு எங்க லிஸ்ட்ல இல்லையே" என்று தாளைத் தள்ளிவிட்டார்கள். கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் 1818இல் தொடங்கிய கல்லூரி அது. அன்று செராம்பூரையும் நம் தரங்கம்பாடியையும் வைத்திருந்த டென்மார்க் அரசிடமிருந்து 1827இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது, சென்னைப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு 30 வருடம் முன்னால். 1918இல் வங்காளச் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் நகலை எடுத்துக்கொண்டு போய்த் துணைப் பதிவாளரிடம் காட்டினேன். உட்கார்ந்து வாசித்தார், "நல்ல சட்டம்தான், ஆனா முடிவெடுக்கக் கமிட்டி கூடணும்" என்றார். கடைசியில் என் பி.எஸ்ஸி.யை வைத்துத்தான் இடம் கொடுத்தார்கள். அதனால் பிளஸ் டூ முடித்ததும் நேராக பி.டி.க்குப் போக நினைக்கிற தம்பி தங்கைகளே, வசதி இருந்தால் ஏதாவது ஒரு பட்டத்தை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறொரு கதவைத் தட்ட உதவும். அந்தச் சட்டத்தின் நகல் கேட்டால் எடுத்துத் தருகிறேன், நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

இந்த வருடம் எங்கள் சேகரத்திலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் விண்ணப்பிக்கிறார்கள். பதிவேட்டுத் திருத்தம் இருவருக்கும் முடிந்துவிட்டது, மைகிரேஷனுக்கும் எழுதிப் போட்டாயிற்று. அதே எழுத்தர் இந்த முறை விண்ணப்பத்தை வாங்கி, கேட்காமலே முத்திரை போட்டுக் கொடுத்தார். மருத்துவச் சான்று மட்டும்தான் பாக்கி.