பக்கத்துப் பாய் சாட்சி

"அவன் எங்கிட்ட ஒத்துக்கிட்டான் சார், நான் கோர்ட்ல வந்து சொல்லட்டுமா?"

கேட்டது என் கிளையண்ட். லீகல் எய்ட்ல எனக்கு வந்த திருட்டு கேஸ், ரிமாண்ட்ல இருந்தான். அவன் சொன்னது பக்கத்துப் பாய்ல படுக்குற கொலை கேஸ்காரனைப் பத்தி. (அடையாளமெல்லாம் மாத்தித்தான் எழுதுறேன்.) சொன்ன கையோட, "நான் இதைச் சொன்னா என் ஜாமீனுக்கு எதிர்ப்பு இருக்காதுன்னு ஏட்டையா சொன்னாரு"ன்னும் சொன்னான்.

விவரமெல்லாம் பக்காவா இருந்துச்சு. கம்மாய்க் கரை, இடது பக்கப் பின்கழுத்துல ஒரு வெட்டு, அருவாளை கருவேலங்காட்டுல வீசுனது. எனக்கு அதுதான் இடிச்சுது. வெட்டுனவன் ராத்திரி படுத்துக்கிட்டு இடது பக்கப் பின்கழுத்துன்னா சொல்லிக்கிட்டு இருப்பான்? "அவன் சார்ஜ் ஷீட்டைப் பாத்தியா"ன்னு கேட்டேன், போலீஸ் போடுற குற்றப்பத்திரிகையைத்தான். "அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது சார், கட்டப்பைக்குள்ள வச்சிருப்பான், நான்தான் படிச்சுக் காட்டுவேன்"னான். மறைக்கணும்னுகூட அவனுக்குத் தோணலை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "கூண்டுல ஏறுனா முதல்ல இதைத்தான் கேப்பாங்க, வேணாம், விட்டுரு."

தடுக்கத்தான் சொன்னேன். அவன் பொய் சாட்சி சொல்லி மாட்டிக்கக் கூடாது, அது என் கடமை, வேற எந்த வக்கீலா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா அதே வாக்கியத்தை அவன் பக்கம் இருந்து கேட்டுப் பாத்தா, எதை மறைக்கணும்னு நான் சொல்லிக் குடுத்த மாதிரியும் இருக்கு. அப்புறம் வேற வக்கீலுக்கு மாறிட்டான், ஜாமீனும் கிடைச்சிருச்சு, கொஞ்ச நாள்ல அந்தக் கொலை கேஸ்ல கூடுதல் சாட்சின்னு அவன் பேரு வந்துச்சு.

அப்ரூவர்னா, அதாவது குற்றத்துல கூட இருந்தவனே அரசுத் தரப்பு சாட்சியா மாறுனா, மாஜிஸ்திரேட் மன்னிப்பு குடுத்து ஆர்டர் போடணும், காரணம் எழுதணும், எதுக்காக சாட்சி சொல்றான்னு எல்லாருக்கும் தெரியும். பக்கத்துப் பாய்க்காரனுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. ஜாமீன் மனு வர்ற அன்னைக்கு எதிர்க்காம இருந்தா போதும், எந்தப் பேப்பர்லயும் அது ஏறாது. கோர்ட்டுக்கு வெளியில சொன்னதா வர்ற ஒப்புதல் வாக்குமூலம் பலவீனமான சாட்சி, தீர ஆராயணும்னு சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்குல 2012ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, ஆனா பேரம் நடந்ததே தெரியலைன்னா ஜட்ஜ் எதை வச்சு ஆராய்வாரு? 1988ல லாஸ் ஏஞ்சலஸ்ல லெஸ்லி வைட்னு ஒரு கைதி, முன்ன பின்ன பாக்காத ஒருத்தனோட கேஸ் விவரத்தை ஜெயில் போன்லயே கறந்து, அவன் ஒத்துக்கிட்டதா எப்படி ஜோடிக்கலாம்னு அதிகாரிங்க கிட்டயே செஞ்சு காட்டுனான். இங்க போன்கூட வேணாம், வாசிக்கத் தெரிஞ்சா போதும்.

சீனியர்கிட்ட கேட்டேன். "தம்பி, கிளையண்ட் சொன்னது உன்னோட போகணும், கேஸ் முடிஞ்சாலும் சரி, வக்காலத்து மாறுனாலும் சரி." பழைய எவிடன்ஸ் ஆக்ட்ல 126, இப்ப அதுக்குப் பதிலா வந்த சாக்ஷிய அதினியத்துல 132, அவரு சொன்னது அப்படியே இருக்கு. இன்னொரு ஃபிரெண்டு, சட்டவிரோத நோக்கத்துக்காகப் பேசுனதுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லைன்னு அதே செக்ஷன்லயே போட்டிருக்கேன்னான். ஆனா அவன் எங்கிட்ட நோக்கத்தோடவா பேசுனான்? அவனுக்கு வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். அதுக்காக இன்னொருத்தன் ஆயுளுக்கும் உள்ள கிடக்கணுமான்னு நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது. அந்த அக்யூஸ்ட் வெட்டுனானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, வெட்டியே இருந்தாலும் இந்தச் சாட்சியை வச்சு உள்ள போகக் கூடாது.

அந்தக் கொலை கேஸ்காரனோட வக்கீலை தினம் கேன்டீன்ல பாக்குறேன், நல்ல மனுசன். சார்ஜ் ஷீட் காப்பியைக் கைநாட்டு வச்சுத்தான் வாங்கியிருப்பான், அது கோர்ட் பண்டில்லயே இருக்கும், அப்ப அதை அவனுக்குப் படிச்சுக் காட்டுனது யாருன்னு குறுக்கு விசாரணையில ஒரு கேள்வி கேட்டா போதும். "அண்ணே, அந்தக் கைநாட்டைக் கவனிச்சீங்களா"ன்னு மட்டும் நான் கேட்டா, அது கிளையண்ட் சொன்னதை வெளியில விட்டதா ஆகுமா ஆகாதா? அடுத்த வாய்தாவுக்குள்ள நான் இதை முடிவு பண்ணியாகணும்.