குராசோவுக்குப் போன பனியனும் எங்கள் பங்காளிக் கிணறும்

பனியன் கம்பெனியில் டாக்குமெண்ட் பார்க்கிறவனுக்கு உலகம் இன்வாய்ஸ் வழியாகத்தான் தெரியும். ராட்டர்டாம், ஹாம்பர்க் எதற்கும் நான் போனதில்லை, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போர்ட் கோடு சொல்வேன். அப்படி இருந்தும் போன வருசம் ஒரு சின்ன ஆர்டரில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

பையர் இருப்பது ஆம்ஸ்டர்டாம். சரக்கு போக வேண்டியது கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவுக்கு. நெஞ்சில் தீவின் பெயர் அடித்த டீ சர்ட், சுற்றுலாக் கப்பலில் வந்து இறங்குகிறவர்கள் வாங்கிப் போவதற்கு. அந்தப் பெயரை அவர்கள் எழுதும்போது சி என்ற எழுத்துக்குக் கீழே கொக்கி மாதிரி ஒரு வால் தொங்கும். பிரிண்டிங் பட்டறைக்காரர் அதை ஃபிலிமில் விழுந்த தூசி என்று நினைத்து, ரொம்ப அக்கறையாக அழித்துவிட்டு ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது மாதிரி பிரிண்ட், அனுப்பினார். "ஏனுங்க, சுத்தம் பண்ணிக் குடுத்தாலும் திட்றீங்களே" என்று அவருக்குக் கோபம் வேறு.

சரி, வாலை ஒட்டியாகிவிட்டது. அடுத்த வால் என் டேபிளிலேயே இருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி, போய்ச் சேரும் நாடு என்ற கட்டத்தில் நெதர்லாந்து என்று போட்டுவிட்டான், நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பையர் நெதர்லாந்து, தீவு நெதர்லாந்து ராஜ்ஜியம், இறங்கும் ஊர் வில்லம்ஸ்டாட், அதில் கூத்து என்னவென்றால் நெதர்லாந்துக்குள்ளேயே வடக்கு பிராபண்ட் மாகாணத்திலும் ஒரு வில்லம்ஸ்டாட் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஏஜெண்ட் கூப்பிட்டார். "என்ன அண்ணாச்சி, கஸ்டம்ஸுக்குக் குடுத்த ஷிப்பிங் பில்லுல ஒரு நாடு இருக்கு, கப்பல் கம்பெனி ரசீது பி.எல். டிராஃப்ட்ல வேற நாடு இருக்கு, சரக்கு எங்கதான் போவுது?" திருத்தம் எழுதிக் கொடுத்து முடிப்பதற்குள் அந்த வாரத்துக் கப்பல் போய்விட்டது.

அந்த ஒரு வாரம் வயிற்றெரிச்சலில் உட்கார்ந்து படித்ததுதான் இது.

முதலில், நெதர்லாந்து என்பதும் நெதர்லாந்து ராஜ்ஜியம் என்பதும் ஒன்றில்லை. ராஜ்ஜியத்துக்குள் நான்கு நாடுகள்: நெதர்லாந்து, அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன். இது போக போனேர், சின்ட் யூஸ்டேஷியஸ், சாபா என்று மூன்று தீவுகள், இவை தனி நாடு கிடையாது, நெதர்லாந்துக்குள்ளேயே அடங்கிய விசேஷ நகராட்சிகள் மாதிரி.

எனக்கு இது எங்கள் கிணற்றை வைத்துத்தான் புரிந்தது. அப்பாரு காலத்தில் பாகம் பிரித்தபோது தோட்டம் மூன்றாகப் பிரிந்தது, கிணற்றை எப்படிப் பிரிப்பது? மூன்றில் ஒரு பங்கு பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அவரவர் தோட்டத்தில் மஞ்சள் போடுவதா, கரும்பு போடுவதா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கரண்ட் சர்வீஸ் மூத்தவர் பெயரில். மோட்டார் காயில் போனாலும், கிணற்றை ஆழப்படுத்துவதாக இருந்தாலும் பேச்சு அவர் வீட்டுத் திண்ணையில்தான் முடியும்.

அவர்களுடைய பாகப்பிரிவினைப் பத்திரம் 1954 டிசம்பர் 15-ல் ராணி ஜூலியானா கையெழுத்துப் போட்ட சாசனம். (அதே வருசம் நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை நம்மிடம் விட்டார்கள். ஆறே வாரம் இடைவெளி, இரண்டு ஐரோப்பியர்கள், இரண்டு வழி.) அந்தப் பத்திரப்படி உள்நாட்டு விவகாரம் அந்தந்த நாட்டுக்கு. ராணுவம், வெளியுறவு, குடியுரிமை பொதுக் கிணறு. அப்போது பங்காளிகள் மூவர்: நெதர்லாந்து, தென் அமெரிக்காவில் இருக்கும் சூரினாம், ஆறு தீவுகளும் ஒன்றாக இருந்த நெதர்லாந்து அண்டிலிஸ். சூரினாம் 1975-ல் முழுசாகப் பிரிந்துகொண்டது. அரூபாவுக்குக் குராசோவின் நாட்டாமை பிடிக்காமல் 1986-ல் தனி நாடாக ஒதுங்கியது, பத்து வருசத்தில் முழு சுதந்திரம் என்று பேச்சு, அப்புறம் அதுவே வேண்டாம் என்று சொல்லி ராஜ்ஜியத்துக்குள் நின்றுவிட்டது. மிச்சமிருந்த ஐந்தும் 2010 அக்டோபர் 10-ல் கலைந்தன. குராசோவும் சின்ட் மார்ட்டனும் தனித்தனி நாடு, மற்ற மூன்றும் நேராக நெதர்லாந்தின் மடியில்.

தீவுகள் இப்படிக் கலைந்தது தீவுக்காரர்களைக் கேட்டு, ஓட்டெடுத்துத்தான். ஆனாலும் சின்ட் யூஸ்டேஷியஸ் 2005-ல் பழைய கூட்டுக் குடும்பமே போதும் என்று ஓட்டுப் போட்டது, அப்படிச் சொன்ன ஒரே தீவு. கூட இருக்க யாரும் இல்லாதபோது கூட்டுக் குடும்பம் எப்படி நடக்கும்?

இப்போது திண்ணைக்கு வருவோம். ராஜ்ஜியத்தின் மந்திரி சபை என்பது நெதர்லாந்தின் மொத்த மந்திரி சபையும், கூட அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டனிலிருந்து ஆளுக்கு ஒருவரும். யார் கை ஓங்கும் என்று எண்ணிப் பார்த்தாலே தெரியும். ராஜ்ஜியத்துக்கான சட்டம் ஹேக் நகரத்தில் இருக்கும் நெதர்லாந்துப் பாராளுமன்றத்தில் நிறைவேறும், குராசோவில் குடியிருக்கிறவருக்குப் பொதுவாக அதில் ஓட்டில்லை. ஆனால் அவரிடம் இருப்பது நெதர்லாந்து பாஸ்போர்ட், அதனால் ஐரோப்பியக் குடிமகன், அதனால் 2009-லிருந்து ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மட்டும் ஓட்டுப் போடலாம். அவருடைய தீவோ ஐரோப்பிய யூனியனில் இல்லை! இதை நான்கு தரம் படித்த பிறகுதான் நம்பினேன்.

மூத்தவர் கையில் காசு இருந்தால் என்ன ஆகும் என்பதும் பங்காளி வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது, மூன்று நாடுகளும் நெதர்லாந்திடம் கடன் கேட்டன. கிடைத்தது, கூடவே அரசு சம்பளங்களில் 12.5 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையும். அதற்கு இரண்டு வருசம் முன்னால், 2018 பிப்ரவரியில், நிர்வாகம் கெட்டுவிட்டது என்று சொல்லி சின்ட் யூஸ்டேஷியஸ் தீவின் மன்றத்தையே ஹேக் கலைத்துவிட்டது. 2020 அக்டோபரில்தான் மறுபடி தேர்தல். மூத்தவர் சொன்ன குறைகளில் உண்மை இருந்திருக்கலாம், எங்கள் வீட்டிலும் பல தரம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் உண்மையும் அதட்டலாகத்தான் காதில் விழும்.

அப்படியானால் ஏன் பிரிந்து போகவில்லை? பாஸ்போர்ட் ஒரு காரணம், புயல் அடித்தால் கப்பலில் வந்து நிற்க ஆள் இருப்பது இன்னொன்று. 2021 ஜூலையில் கொங்குநாடு தனி மாநிலம் என்று பேச்சு கிளம்பியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் பத்து நாள் அடிதடி. சேர்ந்திருப்பதா, பிரிவதா என்று மட்டும்தான் எல்லோரும் கத்தினோம், நானும்தான். நடுவில் இத்தனை படி இருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை.

விளையாட்டில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஃபுட்பாலில் குராசோ தனி நாடு, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஒன்றரை லட்சத்துச் சொச்சம் ஜனம். ஒலிம்பிக்கில் அந்தப் பெயரில் ஓட முடியாது. குராசோக்காரரான ஓட்டப்பந்தய வீரர் சுரண்டி மார்ட்டினா 2008-ல் அண்டிலிஸுக்காக ஓடினார், 2012-ல் நெதர்லாந்துக்காக. அப்புறம், நெதர்லாந்து தட்டை பூமி என்று படித்தோமே, அதன் மிக உயரமான இடம் சாபா தீவில் இருக்கும் எரிமலை.

குராசோ சரக்கு ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது, வாலோடு. போன மாதம் அதே பையர் போனேர் தீவுக்கு ஆர்டர் போட்டார். தம்பி இந்தத் தடவை உஷார்.

"அண்ணா, இது நெதர்லாந்து இல்லீங்க, எனக்குத் தெரியும்."

"இல்லடா, இது நெதர்லாந்துதான்."

"அப்போ நெதர்லாந்துன்னே போட்டரட்டுங்களா?"

"போட்றாத."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். சேரைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொல்லி, டீ ரெண்டு வாங்கி வரச் சொன்னேன். நாடுகளின் பட்டியலில் போனேர், சின்ட் யூஸ்டேஷியஸ், சாபா மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி இருக்கிறது, அதைக் காட்டுவதற்கு முன்னால் கிணற்றுக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.