முடித்தவர்களின் ஆட்டங்கள்: யாங்கோன் நாட்குறிப்பு

ஏப்ரல் 4, 2024

தாமுவேயிலிருந்து வந்த நண்பர் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். இணையம் இப்போது இருக்கிற நிலையில் இப்படிக் கைமாற்றினால்தான் ஆட்டங்கள் வந்து சேர்கின்றன. எல்லாம் தனியாட்கள் பொழுதுபோக்காகச் செய்தவை. பாத்திரமேற்பு ஆட்டங்களும் புதிர் ஆட்டங்களும் கலந்திருக்கின்றன. சில பினாங்கிலிருந்து வந்தவை, சில யாழ்ப்பாணத்திலிருந்து, ஒன்றிரண்டு இந்த ஊரிலேயே செய்தவை. ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டபோது நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஆட்டம் முடிந்ததாக இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் ஆட்டத்தில் எந்தக் குறையைச் சுட்டினாலும் அது அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்ற பதில் தயாராக இருக்கும். பெரும்பாலோர் முதல் கிராமத்தையும் முதல் குகையையும் கட்டியதோடு சோர்ந்துவிடுகிறார்கள். இறுதிக் காட்சிவரை கொண்டுவந்து நிறுத்தியவரிடம்தான், இதை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நேராகக் கேட்க முடியும். கறாராகக் கேட்பதே அவருக்குரிய மரியாதை என்று நினைக்கிறேன். தட்டிக்கொடுக்க அவருக்கு வேறு ஆட்கள் இருப்பார்கள்.

அம்மா வானொலியை அணைக்க விடவில்லை.

ஏப்ரல் 5

முதல் ஆட்டம், பாத்திரமேற்பு ஆட்டங்களைச் செய்ய உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்வியில் செய்தது. 2015இல் வெளிவந்த அந்த மென்பொருளோடு கூடவே வரும் ஹரால்ட் என்ற நாயகனின் முகத்தைக்கூட மாற்றாமல், மாறன் என்று பெயர் மட்டும் சூட்டிச் சோழநாட்டுக் கதை ஒன்றில் உலவ விட்டிருக்கிறார்கள். மஞ்சள் முடியோடு வாளேந்தி நிற்கும் மாறனைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும், இதை நான் குறையாக எழுதப்போவதில்லை. தனியாள் ஒருவர் ஓவியமும் இசையும் கதையும் தாமே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கூடவே வரும் படங்கள் பயன்படுத்துவதற்காகவே தரப்பட்டவை.

மாற்றாமல் விட்ட இன்னொன்றைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த மென்பொருளில் தயாராக இருக்கும் தாக்குதல் கணக்கு, தாக்குபவரின் வலிமையை நான்கால் பெருக்கி, எதிரியின் தற்காப்பை இரண்டால் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்கிறது. வலிமை 20, தற்காப்பு 40 என்றால் விளைவு சுழியம். வலிமை 21 ஆனால் 4, 25 ஆனால் 20. அதாவது, கடைசிக் கோட்டையின் காவலன் ஒரு நிலைக்கு முன்பு தொடவே முடியாதவனாகவும், அடுத்த சில நிலைகளில் ஊதினால் விழுபவனாகவும் இருக்கிறான்; இடையில் போராட்டம் என்று சொல்லத்தக்க நேரமே இல்லை. ஆட்டக்காரர் இதைச் சமாளிக்கக் காட்டுக்குத் திரும்பிப் போய் ஓநாய்களைக் கொன்றுகொண்டிருக்கிறார். தற்காப்பைக் கழிக்காமல் வலிமைக்கும் தற்காப்புக்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொண்டால் இந்தச் செங்குத்துச் சரிவு தணியும். படத்தை யாரிடமிருந்தும் வாங்கலாம், எண்களைத் தாமே எழுத வேண்டும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 7

செய்தி இல்லை. மின்சாரமும் இல்லை.

ஏப்ரல் 8

சேமிப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில், நீலப் படிகம் இருக்கும் இடங்களில் மட்டுமே சேமிக்க முடியும். ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்கு நாற்பது நிமிடம் ஆகிறது. இந்த ஊரில் மின்சாரம் முறைவைத்து வருகிறது, என் மடிக்கணினியின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. மின்விசிறி நிற்கும் அந்த நொடியில் நாற்பது நிமிட உழைப்பும் போய்விடுகிறது. ஆட்டக்காரருக்கு அச்சம் வேண்டும் என்பதற்காக இப்படி வைத்தேன் என்று செய்தவர் குறிப்பு எழுதியிருக்கிறார். தான் எடுத்த முடிவால் எதை இழப்போமோ என்று அஞ்சுவதுதான் ஆட்டத்துக்குரிய அச்சம். மின்வாரியத்தின் மீதுள்ள அச்சத்தை அவர் உண்டாக்க வேண்டியதில்லை, அது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், ஆர்பிஜி மேக்கரில் எங்கிருந்தும் சேமிக்கும் வசதி இயல்பாகவே இருக்கிறது. அதைத் தடுக்கத் தனியே ஒரு கட்டளையைத் தேடிப்பிடித்துப் போட வேண்டும். திறந்திருந்த கதவை மெனக்கெட்டுப் பூட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 11

பினாங்கிலிருந்து வந்த ஆட்டத்தில் ஒரு கோபுரப் படத்தை நான்குக்கு நான்கு கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். ஓடுகளை நகர்த்திப் படத்தைச் சேர்த்தால் கருவறைக் கதவு திறக்கும். அது திறந்தால்தான் கதை மேலே நகரும். நேற்றிரவு மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின்சாரம் வரும்வரை தாளில் எண்களை எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த அடுக்கைத் தீர்க்கவே முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1880இல் அமெரிக்காவையே பைத்தியமாக அடித்த பதினைந்து ஓட்டுப் புதிர் இதுதான். 14, 15 என்ற இரண்டு ஓடுகள் மட்டும் இடம்மாறியிருக்கும் அடுக்கை எப்படி நகர்த்தினாலும் சரிசெய்ய முடியாது என்பதற்கும், மொத்த அடுக்குகளில் சரிபாதி அப்படிப்பட்டவையே என்பதற்கும் 1879இலேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இருவர் காரணம் காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு நகர்வும் காலிக் கட்டத்துக்கும் ஓர் ஓட்டுக்கும் நடக்கும் இடமாற்றம். தரையைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால், காலிக் கட்டம் ஒவ்வொரு நகர்விலும் நிறம் மாறும். அதனால் அது தன் பழைய மூலைக்குத் திரும்பிவர எப்போதும் இரட்டைப்படை நகர்வுகளே ஆகும். இரண்டு ஓடுகளை மட்டும் மாற்றிவைக்க ஒற்றைப்படை இடமாற்றம் வேண்டும். இரண்டும் ஒருநாளும் ஒத்துவராது.

செய்தவர் ஓடுகளைக் குருட்டாம்போக்கில் கலைத்திருக்கிறார். ஆகவே அந்தக் கருவறைக்கு வரும் ஆட்டக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் திறக்க வழியே இல்லாத கதவு வாய்க்கிறது. அவர்களோ தங்களுக்கு மூளை போதவில்லை என்று நினைத்து விலகிவிடுகிறார்கள். சோதிக்கும்போது அந்தக் கதவைத் தாண்டிச்செல்லத் தமக்கென்று ஒரு குறுக்குவழி வைத்திருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். தீர்வு எளியது: சேர்ந்த படத்திலிருந்து தொடங்கி, விதிப்படியே நூறு இருநூறு முறை நகர்த்திக் கலைத்தால், வந்த வழியே திரும்பவும் முடியும். இதே ஆட்டத்தின் பின்பகுதியில் ஐந்துக்கு ஐந்து விளக்குகளை அணைக்கும் புதிர் ஒன்றும் இருக்கிறது. அதன் நிலை இன்னும் மோசம், கண்டபடி ஏற்றிய அடுக்குகளில் கால்பங்குதான் தீரும். அதற்கும் இதே மருந்து.

இவ்வளவையும் அவருக்கு எழுதிய பிறகு, கோபுர ஓவியம் மிக அழகாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். உண்மையிலேயே அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 12

தாய்லாந்து எல்லையில் மியாவடியில் நடக்கும் சண்டையைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்று எந்த ஆட்டத்தையும் திறக்கவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. தெருவில் திஞ்சான் தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைவு. அம்மா அனோரதா சாலைக் காளியம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தார்.

பசில்ஸ்கிரிப்டில் செய்த ஒரு பெட்டி தள்ளும் ஆட்டத்தைப் பார்த்தேன். ஸ்டீபன் லவெல் 2013இல் இலவசமாக வெளியிட்ட அந்தக் கருவியில் சில வரிகள் எழுதினாலே ஒரு புதிர் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும். 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான் வழிவந்தது இந்த ஆட்டம்: பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது, மூலைக்குப் போன பெட்டி போனதுதான். இவ்வகைப் புதிர் முழுவதும் அந்த ஒரு விதியின் கடுமையிலிருந்து பிறக்கிறது. அதனாலேயே, இசட் விசையை அழுத்தினால் ஓரடி பின்வாங்கும் வசதியைக் கருவியே தந்திருக்கிறது. நம் ஆசிரியர் முகப்பில் ஒரு சொல்லை எழுதி அதை நிறுத்திவிட்டார். பத்தாவது கட்டத்தில், தீர்வு என் தலைக்குள் முழுதாகத் தெரிந்த பிறகும், எழுபதாவது அடியில் விரல் தவறியதற்காக முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. யோசித்து முடித்தவரிடம் மறுபடியும் யோசனைக்கான விலையைக் கேட்பது வசூல்.

மேலும் ஒன்று: முதல் மூன்று கட்டங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. இரண்டை நீக்கலாம்.

ஏப்ரல் 18

தமிழ் எழுத்து. எம்வியின் உரையாடல் பெட்டி, வாக்கியத்தை ஒவ்வொரு குறியீடாக எடுத்துத் தனித்தனியே வரைகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கோ ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தது. குறியைத் தனியே வரையச் சொன்னால் புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கிறது. அரசி பேசும் முதல் வசனமே வட்டங்களின் ஊர்வலமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் இதற்கு அஞ்சி எல்லா வசனங்களையும் படங்களாகவே எழுதி ஒட்டியிருக்கிறார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தவும் புதிதாக ஒரு படம் வரைய வேண்டும். அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ ஆனால் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்தே வரை என்று அந்த ஜாவாஸ்கிரிப்ட் செயல்பாட்டில் சில வரிகள் மாற்றினால் முடிகிற வேலை இது. ஆட்டம் செய்யும் இன்னொரு மென்பொருளான கோடோவின் நான்காம் பதிப்பு, 2023 முதல், இதைத் தானாகவே சரியாகச் செய்கிறது.

பர்மிய எழுத்துக்கும் இதே கதி. 2019 அக்டோபரில் நாடு ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துரு முறையை விட்டு யூனிகோடுக்கு மாறியபோது பட்டதை மறக்காத இவ்வூர்ப் பையன்களுக்கு, விளக்காமலே இது புரிந்தது.

ஏப்ரல் 19

வரைபடம் வெறுமை. கதை கடன். இசை இரைச்சல். இன்று எழுதியதை அனுப்பவில்லை. நாளை படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஏப்ரல் 20

வரைபடம் வெறுமைதான். மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன்.

இந்த ஆட்டத்தைச் செய்தவர், யூமே நிக்கி என்ற ஜப்பானிய ஆட்டத்தின் பாணியில் செய்தேன் என்கிறார். 2004இல் ஆர்பிஜி மேக்கர் 2003ஐக் கொண்டு செய்த அந்த ஆட்டத்தில் போர் கிடையாது, பேச்சு ஏறக்குறைய இல்லை, கனவுகளுக்குள் நடப்பது மட்டுமே உண்டு. ஆனால் அந்த வெறுமைக்குள் கண்டெடுக்க 24 பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நடப்பவளின் உருவத்தையே மாற்றிவிடும். அடுத்த மூலையில் எதுவோ இருக்கிறது என்ற நம்பிக்கை இருப்பதால்தான் வெற்றுவெளியில் நடக்க முடிகிறது. இவர் வெளியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 29

நேற்று நடு பர்மாவின் சவுக் நகரில் 48.2 டிகிரி. மடிக்கணினியைத் தொட முடியவில்லை. எம்வியில் புதிய வரைபடத்துக்கு எதிரி தோன்றும் இடைவெளி 30 அடி என்றே இருக்கும். சுரங்கத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, அங்கேயே வழி தேடும் புதிரையும் வைத்தால், எந்தத் திருப்பத்தில் திரும்பினோம் என்பது ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மறந்துபோகிறது. புதிர் இருக்கும் இடத்தில் எதிரி வேண்டாம்.

தம்பி இருந்தால் சுரங்கத்தின் வரைபடத்தைச் சுவரிலேயே கிறுக்கியிருப்பான்.

மே 2

இல்லை.

மே 6

இவ்வூரில் செய்த ஆட்டம். இந்தக் குவியலில் சிறந்தது இதுதான். அதனால் மிக நீண்ட விமர்சனமும் இதற்குத்தான். ஒரு தேநீர்க் கடை. பையன் மேசை மேசையாகப் போய் யாருக்கு என்ன என்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: ஒருவருக்கு இனிப்பும் பாலும் தூக்கலான சோ செய்ன், ஒருவருக்குச் சாயம் தூக்கலான ச்சா செய்ன். வந்தவர்கள் இடம் மாறி உட்காருகிறார்கள், சொன்னதையே மறுக்கிறார்கள், நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். யார் எதைக் குடிப்பார் என்பதை அவர்களுடைய பேச்சிலிருந்து பையன் ஊகிக்கிறான். சண்டையும் நிலைகளும் இல்லை. ஆட்டம் அரைமணியில் முடிந்துவிடுகிறது. எங்கும் சேமிக்கலாம். ஆறாவது மேசைக் கிழவர் ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் கட்டம் ஒரு தேர்ந்த கை செய்தது: முந்தைய மூன்று கட்டங்களில் அவர் பக்கத்தில் வைத்த கோப்பைகளை நினைவில் வைத்திருந்தால்தான் விடை கிடைக்கும், அதைப் பற்றி ஆட்டம் ஒரு குறிப்பும் தருவதில்லை, ஆனால் ஒளிக்கவும் இல்லை.

கடைசிக் கட்டத்தில் மட்டும் தொண்ணூறு நொடிக் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அதுவரை ஆற அமரக் கேட்கப் பழக்கிய ஆட்டம், முடிவுக்கு வந்ததும் விரலின் வேகத்தைச் சோதிக்கிறது. கூட்டம் நிறைந்த கடையின் பரபரப்பைக் காட்ட நினைத்திருப்பார். அதற்கு மேசைகளைக் கூட்டினாலே போதும். கடிகாரத்தை எடுத்துவிட்டு, எட்டு மேசைகளைப் பன்னிரண்டாக்கி, கிழவருக்கு அருகில் இன்னொரு பேசாத ஆளையும் உட்காரவைக்கும்படி எழுதியிருக்கிறேன். அந்த இரண்டாவது ஆளுக்கு முந்தைய கட்டங்களில் என்னென்ன கோப்பைகள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கினேன். முதல் கட்டத்தில் மூன்றாவது மேசைக்குச் சர்க்கரை இல்லாத ஒன்று, இரண்டாவதில்