துளி மேல் துளி: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 8, 2024, சனி. தலவாக்கலை

விடாத மழை. தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கம் இப்படித்தான். வெளியே கமராவைத் தூக்க வழியில்லை, பின் அறையில் துளி மோதலுக்கான வேலையை, அதாவது ஒரு தண்ணீர்த் துளி மேல் இன்னொன்று மோதும் கணத்தைப் படமெடுக்கும் வேலையை, தொடங்கியாயிற்று. அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டர். பழைய இரும்புச் சட்டங்களை ஒட்டவைத்து ஒரு ஸ்டாண்ட் செய்து தந்தார். உச்சியில் மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, 40 சென்டிமீற்றர் கீழே தண்ணீர் நிறைந்த கறுப்புத் தட்டு. வால்வு எப்போது திறக்க வேண்டும், பிளாஷ் எப்போது அடிக்க வேண்டும் என்பதை ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை பார்த்துக்கொள்ளும்.

வால்வுக்குத் தண்ணீர் கொடுக்கும் போத்தலை இறுக மூடி, காற்றுப் போக ஒரு மெல்லிய குழாயை மட்டும் அடிவரை இறக்கியிருக்கிறேன். மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் காட்டிய வழி. தண்ணீர் குறைந்தாலும் அழுத்தம் மாறாது, துளியின் அளவும் மாறாது. இதைச் செய்யாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜூன் 9, ஞாயிறு

“அண்ணே, ஷட்டரை வேகமா வச்சா போதாதா?” என்று தங்கச்சி கேட்டாள்.

போதாது. 40 சென்டிமீற்றர் விழுந்த துளி தண்ணீரைத் தொடும்போது அதன் வேகம் செக்கனுக்கு 2.8 மீற்றர். 1/4000 செக்கனில்கூட 0.7 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸில் அது நன்றாகவே தெரியும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 16இல் வைத்தால் அறை வெளிச்சமும் காணாது. அதனால் அறையை இருட்டாக்கி, ஷட்டரை ஒரு செக்கன் திறந்து வைக்கிறேன். படத்தை எடுப்பது பிளாஷ்தான். பவரைக் குறைக்கக் குறைக்க அதன் ஒளி நேரமும் சுருங்கும். 1/32 பவரில் ஏறக்குறைய 1/20,000 செக்கன். அதற்குள் துளி நகர்வது 0.14 மில்லிமீற்றர். வெளிச்சம் பத்தாவிட்டால் இன்னொரு பிளாஷைச் சேர்க்கலாம், பவரைக் கூட்டக் கூடாது.

ஜூன் 12, புதன்

கரண்ட் இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் போகஸ் மட்டும் சரிசெய்தேன். துளி விழும் இடத்தில் ஒரு திருகாணியை நிறுத்தி, அதன் தலையில் போகஸ் பண்ணி, லென்ஸை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டேன்.

ஜூன் 15, சனி

முதல் துளி விழுந்ததும் தண்ணீரில் குழி, சுற்றி முட்கள் எழும் கிரீடம். குழி மூடிக்கொள்ளும்போது நடுவிலிருந்து ஒரு தூண் எழும்புகிறது. அதன் தலையில் இரண்டாவது துளி வந்து மோத வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 100 மில்லிசெக்கன் அளவில் நிற்கிறது. அப்புறம் பிளாஷ் நேரத்தை ஒவ்வொரு மில்லிசெக்கனாகத் தள்ளிப் பார்க்கிறேன். முதலில் தூணின் தலை தட்டையாகிறது. கொஞ்சம் பிந்தினால் குடை விரிகிறது. இன்னும் பிந்தினால் ஓரம் கிழிந்து சிதறிப்போகிறது.

வெசாக் கூடு கட்டிய பிறகு மிஞ்சிய சிவப்பு டிசுத் தாளைப் பின் பிளாஷுக்கு முன்னால் தொங்கவிட்டேன். அருமையான பின்னணி.

ஜூன் 21, வெள்ளி. பொசன் போயா லீவு

இந்த மோதலில் வெறும் தண்ணீரின் குடை சீக்கிரம் கிழிகிறது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசை, லீற்றருக்கு ஒரு கிராம் அளவில் கலந்தால் படலம் தாங்கும். நம் குளிரில் அது ஊற நேரம் பிடிக்கும், ஆகவே முதல் நாளே கரைத்துத் துணியில் வடித்து வைத்தேன். இன்று குடையின் விளிம்பு முழுசாக நின்றது. விளிம்பில் தடித்த வளையம், அதிலிருந்து மெல்லிய இழைகள், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு குட்டித் துளி. ஆனால் வலது பக்கம் தாழ்ந்து, ஒரு இழை மட்டும் நீண்டு கிடக்கிறது.

ஆர்தர் வொர்திங்டன் பிரித்தானியாவில் இதே விஷயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முதலில் தீப்பொறி வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து வரைந்தார். அந்த ஓவியங்களில் எல்லாம் ஒழுங்காக, சமச்சீராக இருந்தன. 1890களில் அதைப் புகைப்படமாக எடுத்தபோதுதான் சிதறல்கள் கோணல் மாணலானவை என்று தெரியவந்தது. கண் தானாகவே திருத்திக்கொண்டிருக்கிறது! அந்தத் திருத்தத்தை இன்று கணினியில் செய்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தட்டில் மிதந்த தூசியை அழிப்பேன், நீண்ட இழையைத் தொடமாட்டேன்.

அடுத்த வாரம் பாலில் செய்து பார்க்க வேண்டும். அதிவேக பிளாஷ் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் எட்ஜெர்டனின் புகழ்பெற்ற 1957 கிரீடம் பாலில் எடுத்ததுதானே.