நோய் கண்ணுக்குத் தெரியாத நாட்களின் மருத்துவம்

குழந்தைகளின் ரத்த நோய்களையும் புற்றுநோயையும் ஒரே மருத்துவர் ஏன் பார்க்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்குத்தான். உடலெங்கும் நீலத் திட்டுகளோடு வரும் குழந்தைக்கு இருப்பது அதுவா, அல்லது வைரஸ் காய்ச்சலுக்குப் பின் பிளேட்லெட் மட்டும் குறைந்து பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் கோளாறா என்பதை, ஒரே ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரித்தறியத் தொடங்குகிறோம்.

ஆனால் என் வேலையின் கடினமான பகுதி நோயைக் கண்டுபிடிப்பது அன்று. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகையான லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவில், முதல் மாதக் கீமோ முடிவதற்குள் பெரும்பாலானோரின், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை சீராகிவிடும். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். அவை ஆயிரம் கோடியாகக் குறைந்தாலே நுண்ணோக்கியில் மஜ்ஜை சீராகத் தோன்றக்கூடும்; மிச்சமிருக்கும் அந்த ஆயிரம் கோடிக்காகத்தான் இத்தனை காலம். இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் அமினோப்டெரின் மருந்தைப் பற்றி எழுதியபோது, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆனால் அந்தத் தணிவு நிலைக்கவில்லை. பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் கொடுக்கும் முறை 1960களில் உருவான பிறகே முழுக் குணம் என்ற பேச்சு வந்தது. இன்று சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடங்களில் 10 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கிறார்கள்.

நீண்ட அந்தப் பராமரிப்புக் கட்டத்தில் தினமும் மெர்காப்டோபூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. முடி வளர்ந்து, பள்ளிக்குப் போய், ஓடியாடும் குழந்தைக்கு இரவில் மாத்திரை கொடுக்க மறந்துபோவது இயல்பே. ஆனால் பத்தில் ஒரு வேளை தவறினாலே நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. "மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும் (யார்தான் இல்லை என்பார்கள்?). ஆகவே "போன வாரம் எந்த நாள் விட்டுப்போனது?" என்று கேட்கிறேன், வளர்ந்த பிள்ளையென்றால் அவனிடமே கேட்கிறேன். காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன்: கீமோ பெறும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடலில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும் என்பதால், மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும்.

அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் பரம்பரை ரத்த நோயான தலசீமியாவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளே போகிறது. அதை வெளியேற்றும் வழி உடலுக்குக் கிடையாது. வலியே இல்லாமல் இதயத்திலும் ஈரலிலும் அது படிவதால், இரும்பை நீக்கும் மாத்திரையைப் பதின்பருவத்தினர் எளிதில் கைவிடுகிறார்கள். உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவுகளை வரைபடத்தில் அவர்களையே குறிக்கச் சொல்வது அறிவுரையைவிட நன்றாகப் பலிக்கிறது. அப்படியும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த வருகையை இன்னும் சீக்கிரமாகக் குறித்துக் கொடுக்கிறேன்.