நாலு எண்ணுவதற்குள்

நம் பள்ளி என்.சி.சி. மாஸ்டர் காலமானார் என்ற செய்தி போன மாதம் லண்டனில் எனக்கு வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று அவர் எண்ணும் குரல் காதிலேயே இருந்தது.

ஞாயிறு பரேடில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பூரி கிழங்குக்கு முன்னால் சுபேதார் சுப்ரமணியன் கதை நிச்சயம் உண்டு. மாஸ்டர், சுப்ரமணியன் இருந்த அதே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். அந்தப் படையில் சிப்பாய்க்குச் செல்லப் பெயர் தம்பி. அதனால்தான் நாமும் அவருக்குத் தம்பிகள் ஆனோம்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர் சுப்ரமணியன். இரண்டாம் உலகப் போர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோவுக்கு அருகே கண்ணிவெடி தேடும் குழுவோடு போகிறார். முன்னால் போன லான்ஸ் நாயக் ஒருவரின் காலடியில் ஒரு வெடி சத்தத்தோடு உயிர் பெறுகிறது. மிதித்தபின் நாலு வினாடி போல அடங்கியிருந்து, இடுப்புயரம் எழும்பி, குண்டுகளை நாலாபுறமும் சிதறடிக்கும் ஜெர்மன் கண்ணி அது. அந்தச் சத்தம் சுப்ரமணியனுக்குத் தெரியும். பாய்ந்து அதன்மேல் படுத்துக்கொண்டார். வெடிப்பு முழுவதையும் அவர் உடலே வாங்கிக்கொண்டது. உடன் வந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். எதிரிக்கு நேருக்கு நேர் நின்று போரிட்டால் விக்டோரியா கிராஸ். இந்த மாதிரி வீரத்துக்கு ஜார்ஜ் கிராஸ். மாஸ்டர் அந்த வெள்ளிச் சிலுவையைக் கரும்பலகையில் வரைவார். கருநீல நாடாவுக்கு மட்டும் ஈரத் துணியால் சாக்பீஸை அழித்துக் கருமை காட்டுவார்.

ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்டேன்: "நாலு செகண்ட் இருந்ததே சார், ஓடியிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. "சரி, ஓடு தம்பி. நான் எண்ணறேன்."

பூட்ஸ் கால்களோடு தலைதெறிக்க ஓடினேன். "நாலு" என்றபோது வேப்பமரத்தைத் தொட்டிருந்தேன். திரும்பிப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற ஆறு சின்னப் பையன்களும் நின்ற இடத்திலேயே விறைப்பாக நின்றிருந்தார்கள்.

"நீ தப்பிச்சுட்டே. அவங்க?"

மைதானமே என்னைப் பார்த்தது. அன்று பூரி தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஒரு கேள்வியில் அவர் கற்றுக்கொடுத்ததை வேறு எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி சொன்னதும் இல்லை.

மூன்று வருடம் முன்பு குடும்பத்தோடு ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ரயிலில் போனேன். மிஞ்ஞானோ இடையில்தான் இருக்கிறது. போகவில்லை. அடுத்த விடுமுறையில் மாஸ்டரைப் பார்த்தபோது அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அடுத்த தடவை போயிட்டு வா தம்பி" என்றார். சரி சார் என்றேன்.

பாடையைத் தூக்கியவர்களில் இரண்டு பேர், அன்று என் பின்னால் நின்ற அந்த ஆறு பையன்களில் இருந்தவர்களாம்.