150–600 லென்ஸும் ஒரு வலசைப் பருவமும்

150 முதல் 600 மி.மீ. வரை ஜூம் ஆகும் சிக்மா 150–600 கன்டெம்பரரி லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கி, போன மழைக்காலத்தில் தொடங்கி மார்ச் வரை பறவைகளின் பின்னால் அலைந்தேன். பெரும்பாலும் பள்ளிக்கரணை, கேளம்பாக்கம் உப்பங்கழி, வேடந்தாங்கல். கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது) உள்ளது. கையில் பிடிபட்ட விஷயங்களை எழுதி வைக்கிறேன். டாம்ரான் 150–600, நிக்கான் 200–500, சோனி 200–600 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்த லென்ஸில் எனக்கு அதிகம் பயன்பட்டது 600 அல்ல, 150-க்கும் 600-க்கும் நடுவில் ஓடுகிற அந்த ஓட்டம்தான். ஒரு கணக்கு சொல்கிறேன். 600-இல் வைத்து ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் பறவையைப் பார்த்தால், ஃப்ரேமின் அகலம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். கூழைக்கடா சிறகை விரித்தாலே அதைத் தாண்டிவிடும். அந்தக் குறுகிய ஜன்னல் வழியாக, பறந்துகொண்டிருக்கும் பறவையை வானத்தில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதனால் 200 பக்கம் வைத்துக்கொண்டு பறவையை ஃப்ரேமுக்குள் கொண்டுவந்து, ஃபோகஸ் பிடித்த பிறகு உள்ளே போகிறேன். சிக்மாவில் ஒரு வசதி, வளையத்தைத் திருகாமல் முன்பக்க ஹுட்டை (வெயில் மறைக்கும் வளையம்) பிடித்துத் தள்ளியும் இழுத்தும் ஜூம் செய்யலாம். இடது கையை ஹுட்டுக்கு அடியில் கொடுத்துவிட்டால் சுமார் இரண்டு கிலோ எடையும் தாங்கும், ஜூமும் நடக்கும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சான ஃபோகஸ் லிமிட்டரை 10 மீட்டருக்கு மேல் என்று வைத்துவிட்டால், பறவை நழுவினாலும் மோட்டார் முன்னால் உள்ள நாணல்வரை போய்த் திரும்பி வந்து நேரத்தைத் தின்னாது.

ஷட்டர் விஷயம் சுருக்கமாக. உட்கார்ந்திருக்கும் நாரைக்கு 1/500 வினாடி போதும், பறக்கும் நாரைக்கு 1/2000, மீன்கொத்திக்கு 1/3200-க்குக் குறையாமல். அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 6.3 அல்லது 7.1. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடுகிறேன். நெல்மணி நெல்மணியாக நாய்ஸ் வந்தாலும் பரவாயில்லை, அசைந்துபோன படத்தை யாராலும் மீட்க முடியாது. கரும்பச்சை மரத்தின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கு என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சம்) முக்கால் ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகின் வரிகளெல்லாம் வெளிறிப் போய்விடும். அதே கொக்கு வெளுத்த வானத்தில் பறந்தால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

இனி காற்று. இதைப் பற்றி நிறையச் சொல்லலாம். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நம் பக்கம் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று நிலைத்து வீசும் நாட்களில் காலை வெயிலும் கிழக்கிலிருந்தே வருகிறது. நீர்நிலையின் கிழக்குக் கரையில், முதுகில் வெயில் விழ நின்றால், இறங்கும் பறவை அநேகமாக நம்மைப் பார்த்தபடியே வரும், முகத்தில் வெளிச்சத்தோடு. கண்ணில் ஒரு சின்னப் பொட்டு மின்னும், அது இருந்தால்தான் படத்தில் உயிர் இருக்கிறது. கோடை மாலையில் கதை தலைகீழ். வெயில் மேற்கே, கடற்காற்று கிழக்கிலிருந்து. வெயிலை முதுகில் வைத்து நின்றால் பறவையின் வால்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வெயிலுக்குப் பக்கவாட்டில் நின்று, இறக்கையின் விளிம்பில் ஒளி ஊடுருவுவதை எடுப்பதே நல்லது. இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பு வானிலைச் செயலியில் மழையைப் பார்க்கிறேனோ இல்லையோ, காற்றின் திசையைப் பார்த்துவிடுகிறேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி இதைக் கண்முன் காட்டியது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, அப்படியென்றால் ஆண். தண்ணீருக்கு மேலே அந்தரத்தில், காற்றுக்கு எதிராக முகம் வைத்து நின்றது. சிறகு படபடவென்று அடிக்கிறது, உடல் செங்குத்தாகத் தொங்குகிறது, அலகு நேரே கீழே. தலை மட்டும் ஆணி அடித்தது போல அசையவே இல்லை. தலை அசையாததால் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்க அவகாசம் கிடைத்தது. சட்டென்று சிறகை மடக்கித் தலைகீழாகப் பாய்ந்தது. 600-இல் அந்தப் பாய்ச்சலைத் தொடர என் கைக்கு வரவில்லை, 350-இல் பின்வாங்கி எடுத்ததில் தண்ணீர் தெறிப்போடு வந்த ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்தது.

தூரத்தைப் பற்றி இன்னொன்று. நெருக்கம் என்பது லென்ஸ் தருவது அல்ல, பறவை தருவது. வேடந்தாங்கலில் இதை நன்றாக உணரலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் கௌல் (எழுத்துப்பூர்வ உறுதிமொழி) வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். அதனால்தான் நத்தைகுத்தி நாரை அலகில் சுள்ளியோடு நம் தலைக்கு மேலேயே நிதானமாகப் போகிறது. மூடிய அலகின் நடுவே தெரியும் அந்த இடைவெளியை எடுக்க, பறவை பக்கவாட்டில் வரும்போது பின்னால் வானம் இருக்க வேண்டும். அங்கே 300, 400 போதும். கூட்டுக்குக் கிட்டே போகிற வழி தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தாய்ப்பறவை பத்து நிமிடம் எழுந்து போனாலே குஞ்சு வெயிலில் வாடிவிடும்.

தூரத்துப் பறவைக்கு இன்னொரு எதிரி கானல். பிப்ரவரிக்கு மேல் ஒன்பது மணி தாண்டினாலே தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கிவிடுகிறது. நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரையின் கால் பாம்பு போல வளைந்து வரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. காருக்குள் உட்கார்ந்து எடுப்பவர்கள் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, உள்ளேயும் வெளியேயும் வெப்பம் சமமாகும் வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலில் குளிர்காற்றும் சூடும் கலந்தாலே படம் மங்கும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டித் தைத்து, பாசிப்பயறு நிரப்பிய பையை ஜன்னல் விளிம்பில் போட்டுக்கொள்கிறேன், டிரைபாடைவிட அதுவே தோது.

அப்புறம் பூஞ்சை. சென்னை ஈரத்தில் லென்ஸைப் பைக்குள்ளேயே விடக்கூடாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், நாற்பது ஐம்பது சதவீத ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும்.

இந்தப் பருவத்தில் எடுக்காமல் விட்டது பாம்புத்தாரா மீனை மேலே தூக்கி எறிந்து விழுங்கும் காட்சி. கரும்பறவை, மின்னும் நீர், இரண்டுக்கும் சேர்ந்து எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். அடுத்த நவம்பரில் கரிக்கிலி ஏரியில் அதற்காகவே உட்காரப் போகிறேன். 1/2500, எஃப் 7.1, ஜூம் 400-இல்.